குறும்படத்துக்குக் காஸ் பிஸ்டல்: வன்னியில் படம் எடுக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மாங்குளம் என்று எல்லாப் பக்கமும் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள், சந்தோசம். கதையில் ஒரு துவக்கு வந்துவிட்டால் மட்டும் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணா, சுடும்போது மேல் பகுதி பின்னுக்குப் போய் வருமே, அந்த பிஸ்டல் எங்கே எடுக்கலாம்?" அவர்கள் கேட்கிறது காஸ் புளோபேக் எயார்சொஃப்ட் பிஸ்டல்: காஸ் அழுத்தத்தில் சின்னப் பிளாஸ்டிக் குண்டு எறிகிற போலித் துவக்கு, சுடும்போது அந்த மேல் பகுதி, அதாவது ஸ்லைட், தானாகப் பின்னுக்குப் போய் வரும். எங்கள் குழு இந்த விஷயத்தில் நிறைய அலைந்தது. கடிதம் திரும்பி வந்தது, திகதி தள்ளிப் போனது, நடிகர்கள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். இந்தப் பொருளின் தொழில்நுட்பம் லேசு, ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். கஷ்டம் கடிதங்களில்தான். வேறு ஊரில் இது ஒரு விளையாட்டுச் சாமானாக இருக்கலாம். வன்னியில் 2009 வரை உண்மையான துவக்கைப் பக்கத்தில் பார்த்த சனம் இருக்கிறது, ரோட்டோரத்தில் இராணுவ முகாம் இருக்கிறது, பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. தூரத்தில் நின்று பார்க்கிற ஒருவருக்கு உங்கள் கையில் இருப்பது உண்மையா பொய்யா என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

1. ஸ்லைட் அசையத்தான் வேண்டுமா என்று முடிவெடுங்கள்

திரைக்கதையை எடுத்து வைத்துக்கொண்டு துவக்கு வருகிற ஒவ்வொரு ஷொட்டையும் எழுதுங்கள். இடுப்பில் செருகியிருக்கிறது, மேசையில் கிடக்கிறது, ஒருவர் நீட்டுகிறார், ஓடும்போது கையில் இருக்கிறது: இதற்கெல்லாம் ரப்பரில் வார்த்த போலி போதும். விழுந்தாலும் உடையாது, யாருக்கும் அடிபடாது, வாடகையும் குறைவு. விசையை இழுத்து ஸ்லைட் பின்னுக்குப் போய் வருவது கெமராவில் தெளிவாகத் தெரிய வேண்டிய ஷொட்டுக்கு மட்டும்தான் காஸ் பிஸ்டல் தேவை. பெரும்பாலான குறும்படங்களில் அப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஷொட் வரும். அவற்றை ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுக்கிற மாதிரி அட்டவணை போட்டால் கடிதமும் குறையும், காசும் குறையும்.

ஸ்பிரிங் பிஸ்டல் என்று மலிவான ஒரு வகை இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஸ்லைட்டைக் கையால் இழுத்து விட வேண்டும், சுடும்போது தானாக அசையாது. பற்றரியில் ஓடுகிற பிஸ்டல்களில் அனேகமானவற்றுக்கு ஸ்லைட் அசையவே அசையாது, சிலவற்றில் கொஞ்சத் தூரம் மட்டும் போய் வரும். "ஓட்டோமெட்டிக்" என்று யாராவது ஃபோனில் சொன்னால் அதை நம்பி முற்பணம் கட்டாதீர்கள். ஸ்லைட் முழுத் தூரம் போய் வருகிற ஒரு சின்ன வீடியோவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

2. பொருள் எப்படி வேலை செய்கிறது, எதைப் பார்த்து எடுப்பது

பிடிக்குள் போகிற ரவைக்கூட்டில்தான் விஷயம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டுகள் வரிசையாக நிற்கும், மிச்ச இடம் முழுக்கக் காஸ் நிரப்புகிற தாங்கி. விசையை இழுத்தால் ஹேமர் என்கிற சின்னச் சுத்தியல் ரவைக்கூட்டின் வால்வைத் தட்டும், காஸ் வெளியே பாய்ந்து முதலில் குண்டைக் குழல் வழியே தள்ளும், உடனே உள்ளே இருக்கிற இன்னொரு சின்ன வால்வு நகர்ந்து மிச்சக் காஸைப் பின்பக்கம் திருப்பும், அந்த அழுத்தத்தில் ஸ்லைட் பின்னுக்குப் போகும், போகிற போக்கில் ஹேமரைத் திரும்ப நிமிர்த்தி வைக்கும், பிறகு ஸ்பிரிங் ஸ்லைட்டை முன்னுக்குக் கொண்டுவரும்போது அடுத்த குண்டு ஏறும். குண்டு முடிந்தவுடன் ஸ்லைட் பின்னுக்கே பூட்டி நிற்கும். உண்மையான பிஸ்டலில் நடக்கிற அசைவும் வெளியிலிருந்து பார்க்க இப்படித்தான் இருக்கும், அதனால்தான் கெமராவுக்கு இது பிடிக்கிறது.

இதில் புதியவர்கள் விழுகிற ஒரு குழி இருக்கிறது. படப்பிடிப்பில் குண்டு போடவே கூடாது, அதைப் பிறகு விளக்குகிறேன். ஆனால் குண்டு இல்லாத ரவைக்கூட்டோடு விசையை இழுத்தால் முதல் இழுப்பிலேயே ஸ்லைட் பின்னுக்குப் பூட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு, மூன்று தடவை தொடர்ந்து சுடுகிற காட்சி என்றால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது. சில ரவைக்கூடுகளில் குண்டை மேலே தள்ளுகிற துண்டைக் கீழே அமுக்கிப் பூட்டி வைக்கலாம், அப்படியானதில் குண்டு இல்லாமலே ஸ்லைட் திரும்பத் திரும்பப் போய் வரும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள், அவர்களையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்லைட் பிளாஸ்டிக்கா உலோகமா என்று பாருங்கள். ஜப்பானில் 6 மில்லிமீற்றர் குண்டுக்கு 0.98 யூல்தான் (யூல் என்பது குண்டின் சக்தியை அளக்கிற அலகு) உச்ச வரம்பு, அங்கே செய்கிற பிஸ்டல்களுக்கு அனேகமாகப் பிளாஸ்டிக் ஸ்லைட், குறைந்த அழுத்தக் காஸுக்கு ஏற்ற மாதிரி. தாய்வானில் செய்கிறவற்றில் உலோக ஸ்லைட் அதிகம், அழுத்தம் கூடிய காஸைத் தாங்கும், கையிலும் பாரமாக இருக்கும். கெமராவுக்கு உலோகம் நல்லது, வெளிச்சம் பட்டால் பளபளப்பு சரியாக விழும். ஆனால் நெருங்கிய ஷொட் இல்லையென்றால் பிளாஸ்டிக் போதும்.

கிட்டப் போனால் கெமரா பிடித்துவிடுகிற இடங்கள் சில உண்டு. குழலின் வாயை நேரே எடுத்தால் உள்ளே ஒடுங்கிய 6 மில்லிமீற்றர்க் குழாய் தெரியும், ரவைக்கூட்டை வெளியே எடுத்துக் காட்டினால் அடியில் காஸ் வால்வு தெரியும், சுட்ட பிறகு வெற்றுக் கோது வெளியே பறக்காது, குழல்வாயில் நெருப்பும் வராது. சத்தமும் "டப்" என்று சின்னதாகத்தான் இருக்கும். நெருப்பு, கோது, சத்தம் எல்லாம் எடிட்டில் சேர்க்கிற வேலை, எடிட் செய்கிறவரிடம் முதலே சொல்லி வையுங்கள். கையில் உதைப்பு இருக்கும், ஆனால் லேசான உதைப்பு, நடிகர் கொஞ்சம் நடிக்க வேண்டும்.

அமெரிக்காவுக்குள் இறக்குமதி செய்கிறவற்றுக்குக் குழல்வாயில் செம்மஞ்சள் நிறம் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். நீங்கள் எடுக்கிற பொருளில் அது இருந்தால் கழற்றவோ கறுப்பு பெயின்ட் அடிக்கவோ வேண்டாம். எடிட்டில் மறைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நீங்களே செம்மஞ்சள் டேப் சுற்றி, ஷொட் ஓடுகிற நேரம் மட்டும் எடுத்துவிட்டு, கட் சொன்ன கையோடு திரும்பச் சுற்றுங்கள்.

3. காஸ்: வன்னி வெயிலில் எது சரி

மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. 134ஏ என்கிற குளிரூட்டி வாயு, இது எரியாது, அழுத்தம் குறைவு. கிரீன் காஸ், இது புரொப்பேனோடு கொஞ்சம் சிலிக்கன் எண்ணெய் கலந்தது, அழுத்தம் கூட, எரியும். மூன்றாவது 12 கிராம் காபனீரொட்சைட்டுச் சிறு உருளை, இதற்குத் தனி ரவைக்கூடு வேண்டும், அழுத்தம் மற்ற இரண்டையும்விடப் பல மடங்கு, ஸ்லைட் வேகமாக அடிக்கும், பாகங்களும் வேகமாகத் தேயும். குறும்படத்துக்கு இந்த மூன்றாவது வேண்டாம்.

இந்த வாயுக்கள் தாங்கிக்குள் திரவமாக இருந்து ஆவியாகின்றன, அதனால் சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். 35 பாகை வெயிலில் 134ஏ தருகிற அழுத்தம், 20 பாகை குளிரில் கிரீன் காஸ் தருகிற அழுத்தத்தைவிடக் கொஞ்சம் கூட. குளிர் நாட்டில் இருந்து யூரியூப் போடுகிறவர்கள் 134ஏயில் ஸ்லைட் சோம்பலாகப் போகிறது என்று சொல்வது அவர்களுக்குச் சரி, சித்திரை வெயிலில் பரந்தன் வெளியில் நிற்கிற உங்களுக்கு அது பொருந்தாது. பிளாஸ்டிக் ஸ்லைட் பிஸ்டலில் மத்தியான வெயிலில் கிரீன் காஸ் போட்டால் ஸ்லைட் வெடிக்கிற வாய்ப்பு இருக்கிறது, உடைந்தால் பிணைக்காசு போய்விடும்.

அடுக்கடுக்காகச் சுட்டால் ரவைக்கூடு குளிர்ந்துபோகும், காஸ் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுவதால் அப்படி. அப்போது ஸ்லைட் பாதியில் நிற்கும், வெள்ளைப் புகை மாதிரி வரும். பழுது என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம், கொஞ்ச நேரம் நிழலில் வைத்தால் சரியாகிவிடும். இரண்டு ரவைக்கூடு எடுத்தால் ஒன்றை மாற்றி ஒன்றைப் பாவிக்கலாம். சூடேற்றுவதற்காக வெயிலில் வைப்பது, சுடுதண்ணீரில் போடுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

நிரப்பும்போது ரவைக்கூட்டைத் தலைகீழாகப் பிடித்து, காஸ் போத்தலையும் தலைகீழாக மேலிருந்து நேராக அழுத்துங்கள். பக்கத்தில் சிகரெட், அடுப்பு, ஜெனரேற்றர் எதுவும் இருக்கக் கூடாது. லைற்றருக்கு அடிக்கிற காஸையோ சமையல் சிலிண்டர் காஸையோ விட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரைப் பொருளின் பக்கமே விடாதீர்கள். ரப்பர் வளையங்களுக்குச் சிலிக்கன் எண்ணெய் மட்டும். தையல் மெசின் எண்ணெய் விட்டால் ரப்பர் ஊதிப்போகும், காஸ் கசியும்.

4. எங்கே எடுப்பது, எங்கே எடுக்கக் கூடாது

கொழும்பில் சினிமாவுக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் சாமான் வாடகைக்கு விடுகிறவர்களிடம் விசாரியுங்கள். முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "இந்தப் பொருளை நீங்கள் வைத்திருப்பதற்கு என்ன பத்திரம் இருக்கிறது, பிரதி தருவீர்களா?" இதுதான் முதல் கேள்வி. பத்திரம் இல்லை, ஆனால் பிரச்சினை வராது என்று சொன்னால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். காஸ் அழுத்தத்தில் குழல் வழியே குண்டு எறிகிற ஒரு பொருளை விளையாட்டுச் சாமான் என்று நீங்களோ கடைக்காரரோ முடிவு செய்ய முடியாது. இலங்கையில் துவக்கு விஷயத்துக்கு 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இருக்கின்றன, அனுமதி பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பில் இருக்கிறது. பத்திரம் இல்லாத பொருள் உங்கள் வாகனத்தில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

அடுத்தது வெளிநாட்டு உறவுகள். மாமா கனடாவிலிருந்து வருகிறார், சித்தப்பா லண்டனிலிருந்து வருகிறார், பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தயவுசெய்து அவர்களிடம் கேட்காதீர்கள். அங்கே அது சட்டப்படி வாங்கிய பொருளாக இருக்கலாம், பிரித்தானியாவில் ஒற்றைச் சூட்டு எயார்சொஃப்ட்டுக்கு 2.5 யூல் வரை இடம் இருக்கிறது, அது அந்த நாட்டுக் கதை. இங்கே பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி எழுத்தில் கையில் இல்லாமல் கட்டுநாயக்கவில் இறங்கினால் லீவுக்கு வந்த மனுசன் விசாரணை அறையில் இருப்பார். காஸ் போத்தல் இன்னும் மோசம், எரியும் வாயு நிரப்பிய போத்தலைப் பயணப் பொதியிலும் கொண்டுவர முடியாது, கைப்பையிலும் முடியாது. தபாலில் போடுகிற யோசனையும் அப்படித்தான்.

"ஒரு பெடியனிட்ட இருக்கு, காசு குடுத்தாத் தருவான்" என்று வருகிற பேச்சுக்குக் காது கொடுக்க வேண்டாம்.

5. கடிதங்கள்

இதைக் கவனமாக வாசியுங்கள், பாதிப் பேர் இங்கேதான் திகதியை இழக்கிறார்கள்.

முதலில் காணிக்காரர். படம் எடுக்கிற வீடு, வளவு, தோட்டம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் சம்மதம், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தோடு. அதில் "போலித் துப்பாக்கி பாவிக்கப்படும்" என்ற வசனம் இருக்கட்டும். அது தெரியாமல் கையெழுத்து வைத்த ஐயா, அன்றைக்குக் காலையில் பொருளைக் கண்டு பயந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னால் அவர் பக்கம்தான் நியாயம்.

அடுத்தது விதானையார். கிராம அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, நீங்கள் யார், எந்த ஊர், என்ன படம் என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். ஊர்ச்சனத்துக்குக் கேள்வி வந்தால் முதலில் அவருக்குத்தான் ஃபோன் போகும். பிறகு பிரதேச செயலகத்தில் இருக்கிற கலாசார உத்தியோகத்தர். இவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இவர்கள் கலைஞர் குழு, இது கலை வேலை என்று அவர் ஒரு கடிதம் தந்தால் பொலிஸ் நிலையத்தில் உங்கள் பேச்சுக்கு ஒரு பாரம் வரும். குளக்கட்டு என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், காடு என்றால் வனவளத் திணைக்களம், பிரதேச சபை வீதி என்றால் சபை. துவக்குக் காட்சியைப் பொது இடத்தில் வைக்காமல் ஒரு தனியார் வளவுக்குள், வெளியே தெரியாத இடத்தில் வைத்தால் இந்தப் பாதிக் கடிதங்கள் தேவையே இல்லை. நான் அப்படித்தான் செய்யச் சொல்வேன்.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கான கடிதம்தான் முக்கியம். அதில் வர வேண்டியவை:

படத்தின் பெயர், அரைப் பக்கக் கதைச்சுருக்கம். திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம். இடத்தின் சரியான விலாசம். குழுவில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம். வாகன இலக்கங்கள். பொருளின் விவரம்: போலி, காஸில் இயங்குவது, குண்டு பாவிக்கப்படமாட்டாது, எத்தனை, என்ன நிறம், இரண்டு பக்கமும் எடுத்த படம். யாரிடமிருந்து வாடகைக்கு எடுக்கிறீர்கள், அவர்களுடைய பத்திரத்தின் பிரதி. எந்த வழியால் கொண்டுவருவீர்கள், இரவில் எங்கே வைத்திருப்பீர்கள், என்றைக்குத் திருப்பிக் கொடுப்பீர்கள். பொறுப்பாளர் ஒருவரின் ஃபோன் இலக்கம்.

தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் கூடவே சிங்கள மொழிபெயர்ப்பும் இணைத்தால் அன்றைக்கே வாசிப்பார்கள். எங்கள் முதல் கடிதம் ஒரு நிலையத்தில் மேசையில் கிடந்தது, மொழிபெயர்க்க ஆள் வர வேண்டும் என்றார்கள், வந்த பாடில்லை. சிங்களப் பிரதி வைத்த பிறகு அசைந்தது. கதைச்சுருக்கத்தையும் மொழிபெயர்த்து வையுங்கள், ஏனென்றால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "துவக்கு எதற்கு, யார் யாரைச் சுடுகிறார்?"

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் திகதியும் முத்திரையும் கையெழுத்தும் வாங்கி வந்துவிடுங்கள். வாயால் "சரி, செய்யுங்கோ" என்று சொன்னது போதாது. பொறுப்பதிகாரி இடமாற்றமாகிப் போனால் புதியவருக்கு உங்கள் கதை தெரியாது. பக்கத்தில் முகாம் இருந்தால் அதை மறைக்காமல் பொலிஸிடமே சொல்லி, அங்கேயும் ஒரு பிரதி கொடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். முடியாது என்று எழுத்தில் சொன்னால் அந்தக் காட்சியை மாற்றுங்கள், ரப்பர்கூட எடுக்க வேண்டாம்.

இராணுவ உடை மாதிரி, உருமறைப்புத் துணி மாதிரி ஏதும் கதையில் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக் கேட்டால் விஷயம் வேறு பக்கம் போய்விடும். துவக்கும் அந்த உடையும் ஒரே காட்சியில் வருகிற கதையை முதல் படத்துக்கு எடுக்காதீர்கள்.

6. செலவு

வாடகை நாள் கணக்கு. கொழும்பில் காலையில் எடுத்து, ஏ9 வழியே வந்து, அடுத்த நாள் படம் எடுத்து, அதற்கடுத்த நாள் திருப்பிக் கொடுத்தால் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் வாடகை. இதைக் கணக்குப் பார்க்காமல் "ஒரு நாள் வாடகைதானே" என்று பட்ஜெட் போடுகிறவர்கள்தான் கடைசியில் கடன் வாங்குகிறார்கள். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுத்தால் ஞாயிறுக்கு வாடகை உண்டா இல்லையா என்று கேளுங்கள், சில இடத்தில் பேசித் தீர்க்கலாம்.

பிணைக்காசு வாடகையைவிடப் பல மடங்கு வரும், அது கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் பொருளின் நிலையை எழுதச் சொல்லுங்கள், ஏற்கனவே உள்ள கீறல், வெடிப்பு எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து அவர்கள் முன்னாலேயே அவர்களுக்கு அனுப்புங்கள். காஸ் போத்தல் வாடகையில் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். போத்தல் ஒன்று பல தடவை நிரப்பக் காணும், ஒரு நாளைக்கு இரண்டாவது தேவைப்படாது.

பிறகு வாகனம், டீசல், சாரதிக்குச் சாப்பாடு. சிங்கள மொழிபெயர்ப்புக்குப் பக்கக் கணக்கில் காசு. போட்டோகொப்பி. குழு முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி. கெமராவுக்கு முன்னால் வைக்க ஒரு பொலிகாபனேற் தகடு, கண்ணாடி மாதிரித் தெரிகிற, லேசில் உடையாத பிளாஸ்டிக். விதானையாரிடமோ பொலிஸிலோ கடிதத்துக்கு எங்களிடம் காசு கேட்கவில்லை. இடையில் வந்து "நான் கதைச்சு எடுத்துத் தாறன்" என்று காசு கேட்கிறவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் எடுத்துத் தருகிற கடிதம் உங்களுக்கு உதவாது.

7. நாட்கணக்கு

ஒரு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். வரிசை முக்கியம்: காணிக்காரர், விதானையார், கலாசார உத்தியோகத்தர், பொலிஸ், அதற்குப் பிறகுதான் வாடகைக்கு முற்பணம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பொருளுக்குக் காசு கட்டிவிட்டுக் கடிதத்துக்கு ஓடுகிறார்கள், கடிதம் பிந்தினால் முற்பணம் போய்விடும். கடைக்காரரிடம் திகதியை ஒதுக்கி வைக்க மட்டும் சொல்லுங்கள்.

போயா நாளில் கந்தோர்கள் பூட்டு, மாதத்தில் ஒன்று கட்டாயம் வரும், கலண்டரைப் பாருங்கள். மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் நவம்பர் கடைசி வாரத்திலும் துவக்கு வருகிற காட்சியை வைக்கவே வேண்டாம். பொலிஸ் கெடுபிடி ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் பக்கத்து வீட்டில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை நினைத்துக்கொண்டிருப்பாள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை, பொருளுக்கும் கெமராவுக்கும் கூடாது. ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும், செம்மண் தூசி ஸ்லைட்டுக்குள் போய் இறுகும், ஒலிப்பதிவும் கெடும். மாசி, பங்குனியில் காலை நேரம்தான் நல்லது.

8. கொண்டுவருவது

பஸ்ஸில் பார்சலாகப் போடாதீர்கள், தோள் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறாதீர்கள். வாகனத்தில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள், ரவைக்கூடு வேறு பெட்டியில். கடிதங்களின் பிரதி சாரதிக்குப் பக்கத்தில், கையெட்டுகிற இடத்தில். மறித்தால் முதலில் கடிதத்தைக் காட்டி, பின்னால் பெட்டிக்குள் போலித் துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள், அவர்கள் திறக்கச் சொன்ன பிறகு திறவுங்கள். பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்ட முந்திக்கொள்ள வேண்டாம்.

காஸ் போத்தலில் 50 பாகைக்கு மேல் சூடாக்காதே என்று எழுதியிருக்கும். சாப்பிடுவதற்கு நிறுத்தி, கண்ணாடி எல்லாம் பூட்டி வெயிலில் விட்ட வாகனத்துக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது போத்தலை ஒருவர் வெளியே வைத்திருக்கட்டும்.

9. படப்பிடிப்பு நாள்

பொருளுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. அவர் நடிக்கவும் கூடாது, கெமராவும் பிடிக்கக் கூடாது. பெட்டித் திறப்பு அவரிடம், ஷொட் தொடங்கும்போது அவர் கொடுப்பார், கட் சொன்னதும் அவரே வாங்குவார். கொடுக்கும் முன் ரவைக்கூட்டைக் கழற்றி, ஸ்லைட்டை இழுத்து, உள்ளே எதுவும் இல்லை என்று நடிகருக்கும் எதிரில் நிற்கிறவருக்கும் கண்ணால் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

குண்டுப் பைக்கற்றை இடத்துக்கே கொண்டுவராதீர்கள். 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு, செக்கனுக்கு 100 மீற்றர் வேகத்தில் போனால் 1 யூல், கேட்கச் சின்னதாக இருக்கும், கண்ணில் பட்டால் கண் போய்விடும். குண்டு இல்லாவிட்டாலும் குழல்வாயிலிருந்து காஸ் பாயும், அதனால் முகத்துக்கு நேரே, கிட்ட வைத்துச் சுடுகிற ஷொட் வேண்டாம். நடிகர் பக்கத்துக்குக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்கட்டும், கெமராக் கோணம் அதை மறைத்துவிடும். லென்ஸை நோக்கிச் சுடுகிற ஷொட்டுக்குப் பொலிகாபனேற் தகடு, அதற்குப் பின்னால் கெமராக்காரருக்குக் கண்ணாடி. 18 வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுக்காதீர்கள், கதையில் சின்னப் பிள்ளை துவக்கைத் தொட வேண்டும் என்றால் ரப்பர்.

முதல் நாள் பின்னேரமே சுற்றியுள்ள வீடுகளுக்கு நடந்து போய்ச் சொல்லுங்கள். ஃபோன் போதாது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில், நேரத்தையும் சொல்லி, "சத்தம் பெரிசாக் கேக்காது அம்மா, பொம்மைத் துவக்கு" என்று சொன்னால் அவர்கள் அந்த நேரம் வேறு வீட்டுக்குப் போவதா, இருப்பதா என்று தாங்களே முடிவெடுப்பார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் காட்சியை வைக்காதீர்கள். படலையில் ஒருவர் கடிதப் பிரதியோடு நிற்கட்டும். யாராவது பயந்து 119க்கு எடுத்துப் பொலிஸ் வந்தால் நடிகர் பொருளைத் தரையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு விலகி நிற்க வேண்டும். ஓடக் கூடாது, விளக்கம் சொல்லிக்கொண்டு பொருளைத் தூக்கிக் காட்டவும் கூடாது. பொறுப்பாளர் மட்டும் கடிதத்தோடு பேசுவார். இதை நடிகர்களோடு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

காட்டோரம் என்றால் சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டாம். மிதிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை. ஊர் ஆள் ஒருவர் நடந்து காட்டிய பாதையை விட்டு விலகாதீர்கள்.

10. முடிந்த பிறகு

தூசியைத் துணியால் துடைத்து, ரவைக்கூட்டில் காஸைக் கொஞ்சம் மட்டும் விட்டு வையுங்கள், முழுக்க வெறுமையாக விட்டால் ரப்பர் வளையங்கள் காய்ந்துபோகும் என்று கடைக்காரரே சொல்வார். திருப்பிக் கொடுக்கும்போது அவர்கள் முன்னால் ஒரு தடவை இயக்கிக் காட்டி, பிணைக்காசை அங்கேயே எண்ணி வாங்கி, பொருள் திரும்பி வந்தது என்று கையெழுத்து வாங்குங்கள்.

அந்தக் கையெழுத்தின் பிரதியைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, பொருள் இந்தப் பகுதியில் இப்போது இல்லை என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். துவக்கோடு போஸ் கொடுத்த படங்களை முகநூலில் போடாதீர்கள். குழுவில் எல்லாரிடமும் முதலே இதைச் சொல்லி, ஃபோன்களை அந்த ஷொட் முடியும்வரை வாங்கி வைத்தாலும் பிழையில்லை. படம் வெளியிடும்போது தொடக்கத்தில் "இதில் பாவித்தது போலித் துப்பாக்கி, பொலிஸாருக்கு அறிவித்து எடுக்கப்பட்டது" என்று ஒரு அட்டை போடுங்கள்.

கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். அடுத்த படத்துக்கு அதே நிலையத்துக்குப் போகும்போது முத்திரை குத்திய பழைய கடிதத்தின் பிரதியைப் புதிய கடிதத்துக்கு மேலே வைத்துக் கொடுங்கள்.